நகராண்மை எல்லைக்குள் ஒரு மாட்டுக் கொட்டகை

என் தங்கை புஷ்பவள்ளி மாடுகளுக்குப் பெயர் வைக்கும் விதம் எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நிறத்தையோ கொம்பையோ பார்த்து வைக்க மாட்டாள். மாடு என்ன செய்ததோ, அதன் சொந்தக்காரர் என்ன செய்கிறாரோ, அதுதான் பெயர். பெரிய சாலையில் ஏறி நின்று போலீஸ்காரர் வந்து அதட்டிவிட்டுப் போகக் காரணமான பசுவுக்குச் 'சம்மன்'. டோல் சாவடியில் வேலை செய்யும் பழனியாண்டி அண்ணனின் பசுவுக்கு 'டோல்'. மேய்ச்சலுக்கு ஓட்டினால் பாதி வழியில் படுத்துக்கொள்ளும் கிடாரிக்கு 'எம்சி'. தொழிற்சாலையில் மருத்துவ விடுப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கையுறைத் தொழிற்சாலையில் நான் பல வருடம் வேலை பார்த்ததால் அந்தப் பெயர் என்னிடமிருந்து போனது.

சுங்கை லாலாங் பக்கம், பெரிய சாலையிலிருந்து உள்ளே போனால் ஒரு பழைய இரும்புப் பாலம் வரும். அதைத் தாண்டியதும் எங்கள் தோட்டம் ஆரம்பம். கம்பெனி வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் ஆட்கள் 'பாலத்துத் தோட்டம்' என்றுதான் சொல்வார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை என்ற எண்ணெய்ப் பனை போட்ட காலத்தில் நானும் தங்கையும் சின்னப் பிள்ளைகள். பிறகு நான் கல்யாணமாகி டவுனில் தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றுக்கு வந்துவிட்டேன். அவள் அங்கேயே காளிதாசனைக் கட்டிக்கொண்டாள். அவர் குலை வெட்டுபவர். ஒரு நாள் வெட்டிய மட்டை தோளில் விழுந்து கை மேலே தூக்க முடியாமல் போனது. கம்பெனி அவருக்கு ஸ்டோரில் சின்ன வேலை கொடுத்தது. வீட்டை நிறுத்தியது புஷ்பவள்ளியின் மாடுகள்தான். இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் படித்தது பாலில்தான்.

வளர்ந்த செம்பனைக்கு அடியில் மாடு மேய்ந்தால் தோட்டத்துக்கு நல்லது. புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலை குறையும். இளம் செம்பனைக் கன்று நட்ட தீம்பார் பகுதிக்குள் மட்டும் போகக் கூடாது. புஷ்பவள்ளியின் மாடு ஒன்றுகூட இளங்கன்றில் வாய் வைத்ததில்லை என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர்களே சொல்வார்கள். அதனால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால், கால்வாய் ஓரம், அவள் கொட்டகை போட்டதை யாரும் தடுக்கவில்லை. காலையில் கறந்த பாலை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கோவிலுக்கும் இரண்டு தேநீர்க் கடைக்கும் கொடுத்துவிட்டு வருவாள். வந்த கையோடு அவிழ்த்து ஓட்டுவாள்.

அந்த மாடுகளில் முக்கால்வாசி அவளுடையவை அல்ல. தோட்டத்தை விட்டுப் போனவர்கள் வாரத்துக்கு விட்டுப் போனவை. எங்கள் தோட்டத்து வாரம் எப்படியென்றால், பால் முழுதும் வளர்ப்பவருக்கு. முதல் கன்று வளர்ப்பவருக்கு, அடுத்தது சொந்தக்காரருக்கு, இப்படி முறை மாறி மாறி வரும். மலாய்க்காரர்களிடமும் இதே வழக்கம் உண்டு, அவர்கள் 'பாவா' என்பார்கள். இதற்கு எழுத்து எதுவும் கிடையாது. கயிறுதான் பேச்சு. மாட்டை விற்றால் சொந்தக்காரர் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தன்னோடு வைத்துக்கொள்வார். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். வாரத்துக்கு விட்டால் கயிற்றோடு சேர்த்து வளர்ப்பவர் கையில் கொடுப்பார். அதோடு, ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் சொந்தக்காரர் வந்து பழைய கயிற்றை எடுத்துவிட்டுத் தான் கொண்டுவந்த புதுக் கயிற்றைத் தன் மாட்டுக்குக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் மாடு இன்னமும் அவருடையது. வராதவர் மாட்டுக்கு அவருடைய பழைய கயிறே கிடக்கும், வளர்ப்பவர் அதை மாற்றக் கூடாது. புஷ்பவள்ளியின் கொட்டகையில் மாட்டுப் பொங்கல் அன்று கூட்டம் சேர்வது இதனால்தான். டவுனிலிருந்து காடியில் வந்து இறங்கி, நல்ல சட்டையோடு சாணியில் கால் வைக்கப் பயந்து நிற்பவர்களைப் பார்த்து அவள் சிரிப்பாள்.

இந்த ஏற்பாட்டில்தான் நகராண்மைக் கழகம் வந்து குறுக்கே நின்றது.

முதலில் வந்தது அளவைக்காரர்கள். மூன்று கால் கருவியை நிறுத்திப் பார்த்து, தலையில் சிவப்புப் பூசிய குச்சிகளைச் செம்பனை வரிசைகளுக்கு நடுவே அடித்துக்கொண்டு போனார்கள். மாடு மேய்க்கும்போது அவற்றை முதலில் பார்த்தவள் புஷ்பவள்ளி. என்ன என்று தெரிந்துகொள்ள அவள் செய்தது, எங்கள் தோட்டத்தில் யாரும் செய்வதைத்தான். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியிடம் போய்க் கேட்டாள்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது விளங்காமல் போகலாம். எங்கள் அப்பா காலத்திலிருந்து அரசாங்க விஷயம் எதுவானாலும் ஆபீசுக்கு வரும். கிராணி அதைக் காலைப் பெரட்டில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துச் சொல்வார். ஊசி போட வருகிறார்கள் என்றாலும், அடையாளக் கார்டு மாற்ற வேண்டும் என்றாலும், ஓட்டுப் போட எங்கே போக வேண்டும் என்றாலும் பெரட்டில் கேட்டால்தான் எங்களுக்கு அது நிஜம். இப்போது பெரட்டில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் வங்காளதேசத்துக்காரர்கள். அப்படியும் பழக்கம் போகவில்லை. கிராணி தர்மலிங்கம் நல்ல மனிதர். தனக்கு எதுவும் வரவில்லை, வந்தால் சொல்கிறேன் என்றார். புஷ்பவள்ளியும் லயத்துச் சனங்களும் அதை நம்பிப் பெரட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கிராணிக்கு எதுவும் வராது என்று யாருக்கும் தோன்றவில்லை. நகராண்மை எல்லையை நீட்டும் அறிவிப்பு தோட்டத்து ஆட்களுக்கு என்று அனுப்பப்படும் அறிவிப்பு அல்ல. நில அலுவலகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் வைத்தார்கள், பத்திரிகையில் போட்டார்கள். அதில் எங்கள் இடத்துக்கு லாட் எண் போட்டிருந்தது. எங்களுக்குத் தெரிந்தது 'கோவில் தீம்பார்', 'பாம்பு மேடு', 'இரண்டாம் டிவிஷன்'. அந்த எண்ணைப் பார்த்தாலும் நம் லயம்தான் அது என்று கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

கடைசியில் அமலாக்கப் பிரிவின் வேன் ஒன்று கொட்டகை வாசலில் வந்து நின்றது. இறங்கிய இளைஞர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். இந்த இடம் இப்போது நகராண்மைக் கழக எல்லைக்குள் இருக்கிறது, அனுமதி இல்லாமல் மாடு வளர்க்க முடியாது, குடியிருப்புக்குப் பக்கத்தில் கொட்டகைக்கு அனுமதி கிடைப்பது கடினம், சாலையில் மாடு நின்றால் பிடித்துக்கொண்டு போய் அடைத்துவிடுவோம் என்று சொன்னார்கள். கையில் ஒரு கடிதத்தையும் கொடுத்தார்கள். ஜனவரி முடிவதற்குள் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும்.

அன்று மாலையே அவள் எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "அக்கா, நான் எங்கேயும் போகல. டவுன்தான் என்னத் தேடி வந்திருக்கு. நாளைக்கு லீவு போட்டுட்டு என்கூட மஜ்லிசுக்கு வா," என்றாள். நான் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டதை அந்தக் கலக்கத்தில் அவள் மறந்துவிட்டாள்.

மஜ்லிஸில், அதாவது நகராண்மைக் கழகத்தில், எங்களோடு பேசியவர் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி, புவான் நோராயினி. எங்களை உட்கார வைத்து, பெரிய வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தார். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவரும் பொறுமையாகச் சொன்னார். எல்லையை நீட்டுவது நகராண்மைக் கழகம் தானே செய்துகொள்ளும் வேலை அல்ல என்றார். அது மாநில அரசின் அதிகாரம். எல்லை எது என்று வரைபடத்தோடு அரசிதழில் வெளியிட்டால்தான் அது செல்லும். அது வெளிவந்துவிட்டது. அந்தப் பகுதியில் இனி வீடா, தொழிற்சாலையா, என்ன வரலாம் என்ற வரைவுத் திட்டத்தையும் அதற்கு முன்பே மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, உங்கள் தோட்டத்திலிருந்து ஒருவராவது வருவார்கள் என்று நாங்கள் ஆட்சேபம் கேட்ட மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம், யாரும் வரவில்லையே, ஏன் என்று கேட்டார். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

புஷ்பவள்ளி தனக்குத் தெரிந்த மலாயில் உண்மையைச் சொன்னாள். பெரட்டில் சொல்வார்கள் என்று இருந்துவிட்டோம் என்றாள். பெரட்டு என்றால் என்ன என்று விளக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

எல்லையை இனி மாற்ற முடியாது என்பது எங்களுக்கு விளங்கிவிட்டது. அனுமதி கேட்டு எழுதலாமா என்றேன். எழுதலாம், ஆனால் நிலத்தின் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும் என்றார். கொட்டகை இருக்கும் இரண்டாம் டிவிஷனைக் கம்பெனி வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றாகிவிட்டது. அவர்கள் மாட்டுக் கொட்டகைக்குச் சம்மதிக்கப் போவதில்லை. அப்போதுதான் புஷ்பவள்ளி வரைபடத்தின் மேல் குனிந்து, விரலை எல்லைக் கோட்டில் படாமல் அதன் மேலேயே கொண்டுபோனாள். அந்தக் கோடு மூன்றாம் டிவிஷனுக்கு முன்னால் திரும்பிவிட்டது. இது வெளியேதானே என்று கேட்டாள். புவான் நோராயினி பார்த்துவிட்டு, ஆமாம், அது எங்கள் எல்லைக்கு வெளியே, அங்கே உங்கள் தோட்டத்து மேனேஜரும் கால்நடைத் துறையும் சரியென்றால் எங்களுக்கு ஒன்றும் இல்லை என்றார்.

மூன்றாம் டிவிஷன் இன்னும் கம்பெனியிடம்தான் இருந்தது. மேனேஜர் சுதர்ஷன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் தாத்தா இதே வட்டாரத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சுதர்ஷன் சின்ன வயதுக்காரர், கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. மாடுகளை அங்கே மாற்ற அவர் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை போட்டார். மாடுகள் எல்லாம் கால்நடைத் துறையில் பதிந்து காதில் அட்டை போட்டிருக்க வேண்டும், எல்லாம் ஒரே ஆள் பெயரில் இருக்க வேண்டும். இளங்கன்றைத் தின்றாலும், சாலைக்குப் போனாலும், தான் போய் நிற்க ஒரு வாசல்தான் இருக்க வேண்டும், இந்த மாடு டவுனில் இருக்கிற இன்னாருடையது என்ற பேச்சே வரக்கூடாது என்றார்.

ஒரே ஆள் பெயரில் என்றதும் என் தங்கையின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் காளிதாசன் இது ஒரு பிரச்சினையே இல்லை என்றார். அட்டை போட வருகிறவர்களிடம் எல்லாம் என் மனைவியுடையது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவர்களில் பாதிப் பேர் பொங்கலுக்குக்கூட வருவதில்லை. வைக்கோல் வாங்கினோமா, வைத்தியம் பார்த்தோமா என்று எவர் கேட்டார்? அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

புஷ்பவள்ளி தவிட்டைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அவங்க என் கையில கயித்தத்தான் குடுத்தாங்க. மாட்டக் குடுக்கலையே."

"அப்ப என்ன செய்யப்போற? வீடு வீடாப் போயி உன் மாட்ட எனக்குத் தானமாக் குடுன்னு கேப்பியா?" என்றார் காளிதாசன்.

"கேப்பேன் லா. பேர மட்டுந்தான் கேப்பேன். கன்னு முறை பழையபடிதான்னு சொல்லுவேன். நம்புறவங்க நம்பட்டும்."

"நம்பாட்டி?"

"ஓட்டிட்டுப் போகட்டும்."

அப்படி ஓட்டிக்கொண்டு போனால் அவளிடம் மிஞ்சுவது கோவிலுக்குக் கொடுக்கும் பாலுக்கே போதாது. அது காளிதாசனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மறுநாள் அவரே மோட்டாருக்கு எண்ணெய் நிரப்பி வைத்தார்.

அவள் உண்மையிலேயே வீடு வீடாகப் போனாள். டவுன் வழி எனக்குத்தான் தெரியும் என்பதால் பின்னால் நான் உட்கார்ந்துகொண்டேன். மாட்டுப் பொங்கல் அன்று வர வேண்டும் என்று எல்லோரையும் அழைத்தாள். என் பெயரில் பதியச் சம்மதம் என்றால் இந்த வருடம் கயிறு கொண்டுவர வேண்டாம், நான் என் கயிற்றைக் கட்டிக்கொள்கிறேன். சம்மதம் இல்லை என்றால் வழக்கம்போலக் கயிறோடு வந்து மாட்டை ஓட்டிக்கொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் இதையே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

பரஞ்சோதி மாமா யோசிக்கவே இல்லை. அவருக்கு முட்டி வலி, மாட்டை நினைத்துக் கவலைப்படும் வயது தாண்டிவிட்டது. எனக்கு வருடத்துக்கு ஒருமுறை உன் பொங்கல் கிடைத்தால் போதும் என்றார்.

காஞ்சனாவின் வீட்டில் வேறு விதமாக நடந்தது. அவள் மருதம்மாளின் மகள். மருதம்மாள் எங்கள் பக்கத்து லயம், இறந்து சில வருடங்கள் ஆகின்றன. காஞ்சனா மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். அம்மா வாரத்துக்கு மாடு விட்டிருந்ததே அவளுக்குத் தெரியாது. "அம்மா மாடா? இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்டாள். அம்மா விட்ட மாடு இல்லை, அதன் மகள் என்று புஷ்பவள்ளி சொன்னாள். அடுத்துப் போடும் கன்று உன் அம்மா முறை, அதாவது உன் முறை என்றும் சொன்னாள். காஞ்சனா சிரித்துவிட்டு, ஆன்ட்டி, நான் கன்றை எங்கே வைப்பேன், கார் நிறுத்தும் இடத்திலா, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. "அதெல்லாம் கன்னு வந்தப்புறம் பேசிக்கலாம். இப்ப பேருக்குச் சம்மதமா, அத மட்டும் சொல்லு," என்றாள். சம்மதம் என்றாள் காஞ்சனா.

பழனியாண்டி அண்ணன் வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். தோட்டத்தில் இருந்தபோது காளிதாசனுக்கு நெருங்கிய கூட்டாளி. வாசலில் நிற்க வைத்தே பேசினார். கேட்டுக்கொண்டே வந்தவர், பதிவு என்ற சொல் வந்ததும் தலையை ஆட்டினார்.

"புரியுது தங்கச்சி. மஜ்லிஸ் பேரச் சொல்லி என் மாட்ட உன் பேருக்கு எழுதிக்கப் பாக்குற. நல்ல யோசன."

என் தங்கையைப் பார்த்து அப்படிச் சொன்னவர்கள் அதற்கு முன்னால் யாரும் இல்லை. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கயிறோட வாங்க அண்ணே. டோலும் நிக்குது, போன வருசம் உங்க முறைக்குப் போட்ட காளக்கன்னும் நிக்குது. ரெண்டையும் ஓட்டிட்டுப் போங்க."

மோட்டாரை எடுத்துத் திரும்பினோம். பாலம் வந்ததும் அவள், அண்ணன் வீடு எத்தனையோ வருடமாக மஜ்லிஸ் எல்லைக்குள்தானே இருக்கிறது, மாட்டை எங்கே கட்டுவார் என்று கேட்டாள். எனக்கும் அதுதான் பயம். கட்ட இடம் இல்லாதவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் அது எங்கே போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். புஷ்பவள்ளி மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசி வைத்திருந்தாள். கொட்டகைத் தூணில் புதுக் கயிறுகள் தொங்கின. அவளே திரித்தவை. எல்லா மாட்டுக்கும் சேர்த்துத் திரித்திருந்தாள், பழனியாண்டியின் மாட்டுக்கும்கூட. யார் இறங்கி வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் கையைத்தான் அவள் கண் முதலில் பார்த்தது. நானும் அதைத்தான் செய்தேன்.

பரஞ்சோதி மாமா கரும்போடு வந்தார். கையில் கயிறு இல்லை. காஞ்சனா ஒரு பை நிறைய வாழைப்பழம் கொண்டுவந்தாள், அதிலும் கயிறு இல்லை. தாமான்களிலிருந்து வந்த மற்றவர்களும் வெறுங்கையோடு வந்து, மாட்டின் முதுகைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் பழைய கயிற்றை அவிழ்த்து, மடித்து, சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தன் கயிற்றைக் கட்டினாள். என் பசுவும் ஒன்று அங்கே உண்டு. அதற்கு அவள் என்னிடம் சம்மதம் கேட்கவே இல்லை. ஆனால் பழைய கயிற்றை மடித்து என் கையில் வைக்கத் தவறவில்லை.

பொங்கல் பொங்கி இறக்கிய நேரத்தில் சிறிய லாரி ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் மாட்டு வியாபாரி. பக்கத்தில் பழனியாண்டி அண்ணன். அவர் கையில் புதுக் கயிறு இருந்தது.

அவர் வேட்டி கட்டி, திருநீறு பூசி, முறையாகத்தான் வந்திருந்தார். புஷ்பவள்ளி தட்டில் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். அவர் நின்றபடியே கொஞ்சம் சாப்பிட்டார். பிறகு வியாபாரி டோலைப் பிடித்து இழுத்தார். மாடு நகரவில்லை. பின்னாலிருந்து தட்டினார்கள், பலகையில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டது. வியாபாரி கம்பை எடுத்ததும் புஷ்பவள்ளி எழுந்து போனாள்.

"அடிக்காதீங்க. நான் ஏத்திவிடுறேன்."

அவள் முன்னால் பலகையில் ஏறினாள். நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தாள். டோல் அவள் பின்னால் நடந்து லாரிக்குள் ஏறியது. உள்ளே நின்று, மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, அண்ணன் போன பொங்கலுக்குக் கட்டிய கயிற்றை அவிழ்த்தாள். வியாபாரி தன் கயிற்றைக் கட்டிக்கொண்டார். அவள் கீழே இறங்கி வந்து, பழைய கயிற்றை மடித்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

ஒரு கையில் பழைய கயிறும் ஒரு கையில் புதுக் கயிறுமாகப் பழனியாண்டி அண்ணன் நின்றார். காளைக்கன்று கொட்டகைக்குள்ளிருந்து தாயைப் பார்த்துக் கத்தியது. வியாபாரி, அதையும் ஏற்றிவிடலாமா என்று கேட்டார். அண்ணன் புதுக் கயிற்றைப் பார்த்தார். கன்றை ஓட்டிப் போகத்தான் அதைக் கொண்டுவந்திருக்கிறார்.

"கன்னு இருக்கட்டும்," என்றார். கயிற்றைக் கட்டாமல் மடியில் செருகிக்கொண்டு முன்னால் போய் ஏறிவிட்டார். டோலை அவர் திரும்ப இறக்கவில்லை.

லாரி பாலத்தைத் தாண்டும் வரை புஷ்பவள்ளி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தூணில் தொங்கிய கயிற்றில் ஒன்றை எடுத்துக் கன்றுக்குக் கட்டினாள். இன்னொன்று தூணிலேயே மிஞ்சியது. காளிதாசன் நல்ல கையால் அதை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அந்த வாரமே கால்நடைத் துறை ஆட்கள் வந்து காதுகளில் மஞ்சள் அட்டை போட்டார்கள். சொந்தக்காரர் பெயர் கேட்ட இடத்திலெல்லாம் புஷ்பவள்ளி தன் பெயரைச் சொன்னாள். சுதர்ஷனிடம் போய், பெயர் என்னுடையது, எது நடந்தாலும் நான்தான் பொறுப்பு, கன்று முறை மட்டும் எங்கள் வழக்கப்படி நடக்கும் என்று அதையும் சொல்லிவிட்டாள். அது உங்களுக்குள், எனக்கு ஒரு வாசல் போதும் என்றார் அவர்.

ஜனவரி முடிவதற்கு முன்பே ஒரு காலையில் மாடுகளை மூன்றாம் டிவிஷனுக்கு ஓட்டினோம். நானும் ஒரு குச்சியோடு பின்னால் நடந்தேன். சிவப்புத் தலைக் குச்சிகள் இருந்த இடத்தில் இப்போது சிறிய கல் நட்டிருந்தார்கள். எம்சி அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. "எந்திரிடி. இன்னும் ரெண்டு அடி, அப்புறம் மஜ்லிஸ்காரன்கூட உன்ன எழுப்ப முடியாது," என்றாள் புஷ்பவள்ளி. எல்லோரும் சிரித்தோம். அது எழுந்து கல்லைத் தாண்டி, வெளியே போய் மறுபடி படுத்தது.

இப்போது அவள் குடியிருப்பது நகராண்மைக் கழகத்துக்குள், மாடுகள் இருப்பது வெளியே. காலையில் இருட்டு விலகியதும் மோட்டாரில் எல்லையைத் தாண்டிப் போய்க் கறந்துவிட்டு, பாலோடு திரும்ப உள்ளே வருகிறாள். பெரட்டில் இப்போது கிராணி தர்மலிங்கம் புதிதாக ஒன்று செய்கிறார். வாரத்துக்கு ஒருமுறை டவுனுக்குப் போய் அறிவிப்புப் பலகைகளைப் பார்த்துவிட்டு வந்து, லாட் எண்ணோடு இது எந்தத் தீம்பார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். இதைக் கேட்டுப் பெற்றவள் புஷ்பவள்ளி.

மழைக்காலம் ஆரம்பிக்கும் முன் காஞ்சனாவின் பசு கன்று போட்டது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. அப்போது நான் அங்கேதான் இருந்தேன். காளிதாசன், காஞ்சனா வேண்டாம் என்றுதானே சொன்னாள், அட்டையும் நம் பெயரில்தான் வரப்போகிறது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். புஷ்பவள்ளி கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தாள்.

"காஞ்சனா, ஆன்ட்டி பேசுறேன். உன் முறைக் கன்னு வந்திருச்சி. பொம்பளக் கன்னு. கயிறு எடுத்துட்டு வா."

அந்தப் பக்கமிருந்து, "ஆன்ட்டி, கயிறு எங்க விக்கிறாங்க?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காஞ்சனா வந்தாள். ஹார்ட்வேர் கடையில் வாங்கிய நீல நைலான் கயிறு, லாரிக்குக் கட்டுகிற தடிமன். புஷ்பவள்ளி அதை வாங்கிப் பார்த்தாள், கேலி செய்யவில்லை. புரியைப் பிரித்து அதிலிருந்து ஓர் இழையை மட்டும் எடுத்தாள். காஞ்சனாவைக் கன்றின் பக்கத்தில் உட்கார வைத்து, முடிச்சு எப்படிப் போடுவது என்று காட்டி, அவள் கையாலேயே கட்ட வைத்தாள்.

"ரொம்ப இறுக்காத. வளர எடம் விடு," என்றாள்.

அந்தக் கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அது என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.